மாப்பிள்ளை தூங்குகிறார்

திருகாணி கையிலிருந்து நழுவி விழுந்து, தரையில் வட்டமடித்து, தண்ணீர் போகிற சல்லடையில் இடித்து நிற்கிறது. அரை விரல் நீளம்கூட இல்லாத திருகாணி. ஆனால் டைல்ஸ் ஒட்டிய பாத்ரூமில் எது விழுந்தாலும் அண்டா விழுந்த சத்தம்தான். ஒற்றைக் காலைத் தூக்கியபடி மூச்சை அடக்கி நிற்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகவில்லை, மின்விசிறி மட்டும் எப்போதும்போல டக்கு டக்கு என்று ஓடுகிறது. சரி. மாப்பிள்ளை தூங்குகிறார். தூங்கத்தான் வேண்டும். தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு வேறு என்ன உத்தியோகம், சாப்பிட வேண்டும், சாப்பிட்டதும் தூங்க வேண்டும், எழுந்ததும் ‘நல்லாத் தூங்குனீங்களா மாப்ள’ என்று யாராவது கேட்டால் ‘நல்லாத் தூங்கினேன்’ என்று சொல்ல வேண்டும். நானும் ஒரு காலத்தில் என் மாமனார் வீட்டில் இப்படித்தான் படுத்துக் கிடந்தேன், பொட்டுத் தூக்கம் வராமல், புரண்டால் ‘மாப்ளைக்கு மெத்தை சரியில்லீங்களா’ என்று நாலு பேர் ஓடி வருவார்களே என்று பயந்து, சாயங்காலம் வரைக்கும் ஒரே பக்கமாக, வலது கை மரத்துப்போகும் வரைக்கும். ஆனால் இவர் தூங்குகிறார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், முதுகு சீராக ஏறி இறங்கியது, பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். எங்கள் அறையைத்தான் அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறோம், பாத்ரூம் சேர்ந்த அறை இது ஒன்றுதான், கெய்சரும் இங்கே மட்டும்தான். மகள் மிருதுளா மருதாணி வைத்துக்கொள்ள சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கிறாள். தெய்வானை அடுப்படியில் முறுக்குப் பிழிகிறாள். நாச்சிமுத்தாகிய நான், அரசுப் பேருந்து நடத்துநர், பணி ஓய்வு, பின்பக்கக் கக்கூஸிலிருந்து எடுத்துவந்த சிவப்பு வாளிக்குள் ஸ்பேனரைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, சொந்த வீட்டின் சொந்தப் படுக்கையறையைத் திருடன் மாதிரி நுனிக்காலில் கடந்து வந்து, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றைக் காலில் நிற்கிறேன்.

எல்லாம் இந்தப் பிடியால் வந்தது. ஷவருக்குத் தண்ணீர் திறக்கிற பிடி. கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோதே ஆறு வயதுப் பிள்ளையின் முன்பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ‘ஏனுங், மாப்ள வர்றதுக்குள்ள அந்த ஆட்டத்த நிறுத்தீருங்’ என்று தெய்வானை சொன்னாள். ‘ரெண்டு முறுக்கு முறுக்குனா நிக்கும்’ என்றேன். ஐப்பசி வந்தும் அந்த ரெண்டு முறுக்கு முறுக்கப்படவில்லை. ஆடுவதோடு பழகிவிட்டால் ஆடுவது தெரியாது, முப்பது வருசம் ஆடுகிற வண்டியில் நின்றே சம்பளம் வாங்கியவனுக்கு ஆடாத பொருளைக் கண்டால்தான் சந்தேகம் வரும். நேற்றுச் சாயங்காலம் வந்து இறங்கியதும் மாப்பிள்ளை குளிக்கப் போனார். வெகுநேரம் வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது, அப்புறம் ஒரு ‘டொய்ங்’, அப்புறம் ஒரு பெரிய அமைதி, அந்த அமைதிக்குள் எதையோ சுரண்டுகிற சத்தம். வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்ப்பானே, அந்த முகம். ‘தண்ணி சூடா வந்துச்சுங்களா மாப்ள?’ ‘வந்துச்சுங்க, பாத்ரூம் சூப்பரா இருக்கு.’ எங்கள் பாத்ரூமை இதுவரை யாரும் சூப்பர் என்று சொன்னதில்லை, கட்டிய கொத்தனார் உள்பட. உள்ளே போய்ப் பிடியைத் தொட்டேன், தொட மட்டும்தான் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. ஒரு மரைகூட ஏறாமல், விழாத அளவுக்கு மட்டும், சீட்டுக்கட்டில் வீடு கட்டுகிற நிதானத்தோடு அதைச் சுவரில் நிறுத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறார். நான் என்ன செய்தேன், அவர் வைத்த மாதிரியே திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவர் மறைத்தது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தால் அவருக்குக் கூச்சம், அவருக்குக் கூச்சம் என்றால் மிருதுளாவுக்குக் கோபம், தெய்வானைக்குத் தெரிந்தால் பொங்கல் வரைக்கும் அந்த ரெண்டு முறுக்கின் கதை. பிளம்பர் தங்கவேலுவைக் கூப்பிட்டேன். ‘தீபாவளி கழிச்சு வர்றனுங்’ என்றான், எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை. ஆனால் நாளை விடிவதற்கு முன் எண்ணெய்க் குளியல். தலை நிறைய எண்ணெய், கண் நிறையச் சீயக்காய், கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பிடித்தால் பிடி கையோடு வரும், கெய்சர் வெந்நீர் நேராக, வேண்டாம், நினைக்கவே வேண்டாம். தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை வேகவைத்த மாமனார் என்று காங்கேயம் வரைக்கும் பேராகிவிடும். மாமனார் என்கிறேன். நானாகச் சொல்லிக்கொள்வதுதான், அவர் வாயால் இன்னும் வரவில்லை.

இதோ திருகாணி, சல்லடைக்குள் போகாமல் விளிம்பில் நின்றிருக்கிறது, நல்ல திருகாணி. ஆமாம், வரவில்லை. ஆவணியில் கல்யாணம், அன்றிலிருந்து இன்றுவரை அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமா இல்லை, சார் இல்லை, அங்கிள்கூட இல்லை. பேச வேண்டியிருந்தால் என் கண்ணில் படுகிற மாதிரி வந்து நிற்பார். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காவிட்டால் லேசாக இருமுவார். அதற்கும் தூக்காவிட்டால் ஜன்னல் கம்பியைப் பார்த்து, ‘இந்தப் பக்கம் மழை எப்படிங்க’ என்பார். போனில் என்றால் ‘ஹலோ’வுக்குப் பிறகு ஒரு இடைவெளி விடுவார், அந்த இடைவெளியில் ஒரு மாமாவைத் தாராளமாக உட்கார வைக்கலாம், ஆனால் அது காலியாகவே போகும், பண்டிகையன்று ஓடுகிற பஸ் மாதிரி. மறுவீட்டு விருந்தில் நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, ‘உங்க அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு’ என்று மிருதுளாவிடம் சொன்னார். எனக்கு வேண்டியிருந்தது, வேண்டாம் என்றேன். தெய்வானைக்கு மட்டும் தாலி கட்டிய கையோடு ‘அத்தை’ கிடைத்துவிட்டது. அத்தை காபி போதும், அத்தை உட்காருங்க, அத்தை இது என்ன பொரியல். ‘வாய் நெறைய அத்தைங்கறாரு பாருங், தங்கமான புள்ளைங்’ என்று இவள் என்னிடமே வந்து சொல்கிறாள், ஒரே பந்தியில் தனக்கு மட்டும் லட்டு விழுந்ததைப் பக்கத்து இலைக்காரனிடம் காட்டுகிற மாதிரி. நான் மிருதுளாவிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். ‘அவருக்குக் கொஞ்சம் கூச்சம்ப்பா’ என்றாள். கூச்சம். அத்தையிடம் இல்லாத கூச்சம் என்ன கூச்சம். அப்போதுதான் மண்டபத்தில் காதில் விழுந்தது ஞாபகம் வந்தது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த அவருடைய சித்தி, பட்டுப்புடவை, ‘பொண்ணோட அப்பா என்ன பண்றார்?’ என்று கேட்டார், அவருடைய அப்பா, என் சம்பந்தி, ஒரு நொடி யோசித்துவிட்டு ‘டிரான்ஸ்போர்ட்ல இருந்தார்’ என்றார். தப்பில்லை. டிரான்ஸ்போர்ட்டில்தான் இருந்தேன். படிக்கட்டுக்கு மேலே, கம்பிக்குக் கீழே. மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார், பேங்க் ஆபீசர், அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லைதான். ஆனாலும் மாமா என்ற சொல் அவருடைய தொண்டையில் சிக்கிக்கொள்வது அந்த இடத்தில்தானோ என்று ஒரு நினைப்பு. நினைப்புத்தான். இருந்தாலும் டைல்ஸ் இடுக்கில் ஊறுகிற ஈரம் மாதிரி, மேலே ஒன்றும் தெரியாது, அந்தப் பக்கச் சுவரில்தான் பெயிண்ட் உரியும்.

இடுக்கு. வந்த வேலை அதுவும்தான். பிடியைச் சுற்றியும் சுவர் தரையைத் தொடுகிற மூலையிலும் இடுக்குகள் எல்லாம் கறுத்து, சில இடத்தில் வாயைத் திறந்து கிடக்கின்றன. அவர் நேற்று அந்தப் பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்தக் கறுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். வேளச்சேரியில் அவர்கள் பாத்ரூமில் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, நான் போயிருந்தபோது அது இருப்பது தெரியாமல் நெற்றியால் கண்டுபிடித்தேன். சரி, சுரண்டு. அடுப்படியிலிருந்து எடுத்துவந்த பழைய கத்தி, அதன் பிடியில் துணி. கர்ர்க், நிறுத்து, கேள், மின்விசிறி, சரி, கர்ர்க். எலி மாதிரி இருக்கிறது சத்தம். எலி என்றே நினைத்துக்கொள்ளட்டும். பெண் எடுத்த வீட்டில் எலி என்று நினைத்தால்? நினைக்கட்டும், தூங்குகிற மாப்பிள்ளையின் தலைமாட்டில் மாமனார் ஒளிந்திருக்கிற பாத்ரூமைவிட எலி இருக்கிற பாத்ரூம் கௌரவமானது. கறுப்புத் தூள் எல்லாம் சிவப்பு வாளிக்குள். இடுக்குகள் இப்போது வெள்ளையாக, பல் பிடுங்கிய ஈறு மாதிரி, சுத்தமாக இருக்கின்றன. இனி சிலிக்கான். குழாய் மாதிரி டப்பா, அதைப் பொருத்துகிற துப்பாக்கி, விசையை அழுத்தினால் பேஸ்ட் வரும். ‘ஒரு நாளைக்குத் தண்ணி படாமப் பாத்துக்குங்’ என்றார் கடைக்காரர். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்வார்கள், விடியற்காலைக்குள் காய்ந்துவிடும், ஐப்பசிக் குளிரில் காயுமா, காயும், மின்விசிறியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் காயும், கூரையில் மாட்டிய மின்விசிறியை எப்படித் திருப்புவது, சரி, வேலையைப் பார். டக். விசைக்கு இப்படி ஒரு சத்தமா. டக், டக். மின்விசிறியும் டக்கு டக்கு என்கிறது, அதன் தாளத்துக்குள் என் டக்கை நுழைத்துவிட்டால் தெரியாது, இதோ, மின்விசிறி டக்கு, நான் டக், மின்விசிறி டக்கு, நான் டக், நானும் ஓட்டுநர் பெரியண்ணனும் இப்படித்தான், அவர் கியர் மாற்றுகிற சத்தத்துக்குள் நான் கொட்டாவி விட்டுக்கொள்வேன். கோடு நேராக வரவில்லை, தாராபுரம் ரோடு மாதிரி வளைந்து போகிறது. விரலால் நீவிவிட்டால் நேராகும், ஈர விரலாக இருக்க வேண்டும், தண்ணீர் இல்லை, மாடிக்குப் போய்த் தொட்டிக்கடியில் கேட் வால்வை மூடிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், வீட்டுக்கே அந்த ஒரு வால்வுதான், அடுப்படிக்கும் சேர்த்து, ஆனால் முறுக்குப் பிழிகிற கையோடு தெய்வானை குழாய்ப் பக்கம் போக மாட்டாள். எச்சில் போதும். எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்த விரல், அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, வாய்க்குப் போகும், இடுக்குக்கு வரும், மறுபடி வாய்க்கு, தூ, தூ, கருமம், புளித்த காடியில் ரப்பரை ஊறவைத்த ருசி. துப்பவும் முடியாது. துப்பினால் சத்தம். மாப்பிள்ளை தூங்குகிறார்.

கட்டில் முனகுகிறது. இல்லை, முனகியது. இப்போது இல்லை. புரண்டிருப்பார். மறுபடியும். கால் தரையில் படுகிற சத்தம், பிறகு ஒன்று, இரண்டு, கதவுக்கு அருகில் வந்து நிற்கிறார். நான் சிலிக்கான் துப்பாக்கியோடு சுவரில் ஒட்டிக்கொள்கிறேன், யாராவது பார்த்தால் போலீஸுக்குச் சொல்லுவார்கள். இருமல். லேசான இருமல். எனக்குத் தெரிந்த இருமல், பேப்பரிலிருந்து தலையைத் தூக்கச் சொல்கிற இருமல். அப்படியென்றால் நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும். தெரியாது, தூசி, வெறும் தொண்டைக் கரகரப்பு, தூக்கத்தில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், தூக்கத்தில் இருமுகிறவர்கள் இருக்க மாட்டார்களா. கதவின் கைப்பிடி லேசாக அசைகிறது, பாதியில் நிற்கிறது, திரும்பப் போகிறது. ஒன்று, இரண்டு, கட்டில். ஐயோ, அவருக்குப் போக வேண்டியிருக்கிறது. மத்தியானம் தெய்வானை மோர் மோராக ஊற்றினாள், வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை, மூன்று டம்ளர். எப்போதிலிருந்து விழித்திருக்கிறார்? திருகாணியிலிருந்தா? எலியிலிருந்தா? நான் நுனிக்காலில் வாளியோடு கடந்தேனே, அப்போதே கண் திறந்துதான் இருந்ததா? அப்படியானால் ‘யாரது’ என்று கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பார், கேட்டால் அதற்குப் பிறகு ஒரு மாமாவோ சாரோ போட வேண்டுமே. நான் சொல்லலாம், ‘மாப்ள, பின்னால ஒரு கக்கூஸ் இருக்குதுங், அங்க போங்’ என்று. சொன்னால் நான் இருப்பது தெரிந்துவிடும். தெரிந்துவிட்டதே. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாதே. அவர் அங்கே தூங்குகிற மாதிரி படுத்து அடக்கிக்கொண்டிருக்கிறார், நான் இங்கே இல்லாத மாதிரி நின்று அடக்கிக்கொண்டிருக்கிறேன், நடுவில் ஒரு ஒட்டுப்பலகைக் கதவு, மரியாதை, மரியாதை, மரியாதையால் மனிதன் சாகலாம். சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போனால் எல்லாருக்கும் விடுதலை. பிடியைக் கழற்றியாகிவிட்டது, அதன் பின்னால் தொப்பி மாதிரி மூடி, அதைக் கழற்று, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிற பித்தளைத் தண்டு, ஸ்பிண்டில், ஸ்பேனரை மாட்டி ஒரு தம், இன்னொரு தம், வந்துவிட்டது, முழுசாகக் கையில். வாஷர் பிய்ந்து பழைய அப்பளம் மாதிரி இருக்கிறது. இது பிய்ந்ததால் தண்டு ஆட்டம், தண்டு ஆடியதால் பிடி ஆட்டம், ஆடி ஆடித்தான் சுற்றியிருந்த இடுக்கெல்லாம் வாயைத் திறந்தது. புது வாஷர் சட்டைப் பையில், இந்தப் பையில், இல்லை, அந்தப் பையில், விசில் இருக்கிறது, வண்டி போனாலும் விசில் மட்டும் இன்னும் சாவிக்கொத்தோடு, வாஷர் எங்கே.

‘ஏனுங்!’ தெய்வானை. அடுப்படியிலிருந்து. ‘ஏனுங், கொழாயில தண்ணி வர்லீங்!’ எதற்கு இப்போது தண்ணீர், மாவு கெட்டியாகிவிட்டதா. ‘மாவு கையோட நிக்கறனுங், எங்க போய்த் தொலைஞ்சாரு இந்த மனுசன், மாப்ள தூங்கறாருன்னு சத்தமும் போட முடியல’ என்று சத்தம் போடுகிறாள். நடுவீட்டில் தேடுகிறாள். வாசலில் தேடுகிறாள். ‘தொட்டி காலியாட்ட இருக்குது, மேல போய்ப் பாத்தாத்தான் தெரியும்.’ வேண்டாம். மேலே போகாதே. வெளிப்படி இந்தப் பாத்ரூம் சுவரை ஒட்டித்தான் ஏறுகிறது, அவளுடைய மெட்டி படிக்குப் படி கேட்கிறது, டிங், டிங், மேலே போனால் தொட்டி நிறைந்திருப்பதைப் பார்ப்பாள், வால்வு மூடியிருப்பதைப் பார்ப்பாள், என்னைத் திட்டிக்கொண்டே திறப்பாள், என் எதிரில் சுவரில் திறந்த ஓட்டை, தண்டு என் கையில். கத்த வேண்டும். ‘தெய்வானை, தொறக்காத’ என்று ஒரு சத்தம் போதும், முப்பது வருசம் முன்படியிலிருந்து பின்படிக்குக் கேட்கும்படி கத்திய தொண்டை. வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை தூங்குகிறார். தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறார். நான் கத்தினால் அவர் எழுந்து வந்தாக வேண்டும், வந்தால் நான் இங்கே என்ன செய்கிறேன் என்று கேட்டாக வேண்டும், கேட்டால் நேற்று நீங்கள் நிறுத்தி வைத்துவிட்டுப் போன பிடியை என்று நான் சொல்லியாக வேண்டும், அவர் முகம் மறுபடி ஜன்னல் வயல் முகமாகும், நாளைக்கு எண்ணெய் தேய்க்கும்போதும் அந்த முகமே இருக்கும், பொங்கலுக்கு வரமாட்டார்கள், டிங், டிங், வாஷர் மேல்பையிலும் இல்லை, தண்டைப் பழைய வாஷரோடேயே திருப்பி மாட்டிவிடு, மரை பிடிக்கவில்லை, எச்சில் விரல் வழுக்குகிறது, டிங், மெட்டி நின்றுவிட்டது, மேலே போய்விட்டாள், கட்டை விரலை ஓட்டையில் வை, வைத்தாகிவிட்டது, சுவருக்குள் எங்கேயோ தூரத்தில் ஒரு பெருமூச்சு கிளம்புகிறது, காற்று முதலில் வரும், பிறகு

கட்டை விரல் என்ன செய்யும். விரலைத் தள்ளிவிட்டு நெஞ்சில் வந்து அடித்தது தண்ணீர், மூக்கில், மூக்குக் கண்ணாடியில், எதிர்ச்சுவரில் அப்போதுதான் வைத்த தாராபுரம் ரோட்டில், நான் இரண்டு கையாலும் அமுக்குகிறேன், அமுக்கினால் விசிறி மாதிரி நாலு பக்கமும் பீய்ச்சுகிறது, வாளி கவிழ்ந்து கறுப்புத் தூளெல்லாம் மிதக்கிறது, துப்பாக்கி மிதக்கிறது, அப்போதும் நான் கத்தவில்லை என்பதைச் சொல்லிக்கொள்ள வேண்டும், கதவு படார் என்று திறந்தது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை, தூக்கத்தின் சுவடு முகத்தில் துளியும் இல்லை, வந்த வேகத்தில் என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளங்கையை ஓட்டையில் வைத்து முதுகு வளைய அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்: ‘யோவ்! இன்னாய்யா பாத்துனு நிக்கிற! மாடிக்கு ஓடுய்யா, வால்வ மூடு! ஓடு!’ ஓடினேன். யோசிக்கவில்லை, கால்தான் ஓடியது, அந்தச் சொல்லுக்குக் கால் முப்பது வருசமாகப் பழகியிருக்கிறது. யோவ் கண்டக்டர், யோவ் சில்லறை, யோவ் மூலனூர் வந்தா எழுப்பிவுடுய்யா, அந்த முப்பது வருசமும் எனக்கு இருந்த ஒரே பேர் அது. கடைசி நாள் பையை ஒப்படைத்துவிட்டு வந்தபோது, இனி ஒரு பயல் என்னை யோவ் என்று கூப்பிட முடியாது என்று பெருமூச்சு விட்டேன். கூப்பிடவில்லைதான். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லியே கூப்பிடவில்லை. சொட்டச் சொட்டப் படியேறிப் போனால் தெய்வானை மாவுக் கையை வால்வில் வைத்தபடி நிற்கிறாள். ‘எங்கீங் போயிருந்தீங்? யாரோ வால்வ மூடிப்போட்டுப் போயிருக்கறானுங். இதென்ன, மழையா பேயுது, நனைஞ்ச கோழியாட்ட வர்றீங்?’ ‘வுடு, கைய எடு.’ ‘பாத்ரூமுல என்னமோ பண்ணீட்டீங், மாப்ள எங்கீங்?’ ‘பாத்ரூமுல.’ ‘நீங்க?’ ‘நானும் பாத்ரூமுலதான் இருந்தேன்.’ வால்வைத் திருகிக்கொண்டே கைப்பிடிச் சுவருக்கு வெளியே தலையை நீட்டி, கீழே பாத்ரூம் வெண்டிலேட்டரைப் பார்த்து, ‘நிக்குதுங்களா மாப்ள?’ என்று கத்தினேன். ‘வருது, வருது, இன்னும் வருது’ என்றது வெண்டிலேட்டர், ‘கொஞ்சமா வருது, இன்னும் கொஞ்சம், ஆங், ஓல்டான்! ஓல்டான்!’ ஓல்டான் என்றார். சத்தியமாக ஓல்டான் என்றார். கை தானாகச் சாவிக்கொத்துக்குப் போய் விசிலை எடுத்து ஒரு ஊதல் ஊதியது, ஒன்று ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். தெய்வானை என்னை விட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

வாஷர் அவர் காலடியில் கிடந்தது, நான் வாங்கிவந்த புது வாஷர், சட்டையின் எந்தப் பையிலும் இல்லாமல் துண்டின் மடிப்பில் இருந்திருக்கிறது. அவர்தான் போட்டார், நான் தண்டைப் பிடித்துக்கொண்டேன். மரை பிடிக்கும்போது எங்கள் தலைகள் இடித்துக்கொண்டன. நான் மாடிக்குப் போய் வால்வைத் திறக்க அவர் கீழேயிருந்து ‘ரைட், ரைட்’ என்றார், மூடும்போது ‘ஓல்டான்’ என்றார், கீழே வந்து பார்த்தால் பிடி ஆடவில்லை, பிடித்து உலுக்கினாலும் ஆடவில்லை, எனக்கே சந்தேகமாக இருந்தது. சுவரைத் துடைத்துக் காயவைத்து மறுபடி சிலிக்கான் வைத்தோம், அவர் வைத்த கோடு நேராக இருந்தது, நான் வைத்த இடம் தனியாகத் தெரியும். ‘ஒரு நாள் தண்ணி படக் கூடாது, நான் நாளைக்கு வெளியவே குளிச்சுக்கறேன்’ என்றார், ‘துவைக்கிற கல்லு பக்கத்துல, அண்டால வெந்நி போட்டா போதும்.’ அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, ‘நேத்து அந்தப் பிடி’ என்றார். ‘எந்தப் பிடிங்?’ என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். ‘அப்புறம், நான் அப்போ அவசரத்துல, சாரி’ என்று சொல்லி, அந்த சாரிக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டார், எனக்குத் தெரிந்த அதே இடைவெளி, காலி பஸ். ‘பரவாயில்லீங்’ என்றேன். பரவாயில்லை என்று மட்டுமா, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வந்தது, மாமனார் கேட்கிற கேள்வியா அது. அவர் நின்ற நிலை சரியில்லை, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு மோர் ஞாபகம் வந்தது. ‘பின்னால இருக்குதுங் மாப்ள, வேப்ப மரத்துக்குப் பக்கம்.’ போனார். போன வேகத்தை நடை என்று சொல்ல முடியாது.

நான் வாளியைக் கழுவி, சிலிக்கான் காயட்டும் என்று வால்வை மூடிவைப்பதற்கு முன் பிடித்த தண்ணீரோடு முன்னால் வைத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறேன். தெய்வானை அடுத்த ஈடு முறுக்கை எண்ணெயில் போட்டிருக்கிறாள். ஈரச் சட்டை முதுகில் ஒட்டுகிறது. யோவ். அந்த யோவை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். சம்பந்தி சொன்ன அந்த ‘டிரான்ஸ்போர்ட்ல இருந்தார்’ ஆளை யாரும் யோவ் என்று கூப்பிடுவதில்லை, பக்கத்தில் நிற்கிறவனைத்தான் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் வருவான் என்று தெரிந்தவனை. கக்கூஸ் பக்கமிருந்து இருமல். லேசாக. கேட்கிறது. நான் வேப்ப மரத்தைப் பார்க்கிறேன். மறுபடி இருமல், கூடவே தகரக் கதவில் ஒரு தட்டு. தெய்வானை எட்டிப் பார்க்கிறாள். ‘ஏனுங், மாப்ள இருமறாரு.’ ‘கேக்குது.’ ‘கொழாயில தண்ணி வராது, வாளியும் உங்ககிட்ட இருக்குது, கொண்டுபோய்க் குடுங்.’ ‘கூப்புடட்டும்.’ ‘கூப்புடறதுக்குத்தானுங் அவரு இருமறாரு!’ ‘இருமுனா வண்டி நிக்காது.’ அவள் கரண்டியோடு நின்று என்னைப் பார்க்கிறாள், என்ன மனுசன் இவன் என்கிற பார்வை, எனக்குப் பழக்கமான பார்வைதான். நான் அசையவில்லை. இறங்க வேண்டியவர் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும், சட்டமே அதுதான். வாளித் தண்ணீரில் வேப்பிலை ஒன்று விழுந்து சுற்றுகிறது. முறுக்கு வாசனை வருகிறது, அதற்குள் கொஞ்சம் சிலிக்கான் வாசனை, அது என் விரலிலிருந்து. கதவுக்குப் பின்னால் நீண்ட யோசனை நடக்கிறது. எனக்கு அவசரமில்லை, அவசரம் யாருக்கு என்று எனக்குத் தெரியும். ‘யோ’ என்று கிளம்புகிறது குரல், பாதியில் பிரேக் போடுகிறது, தொண்டையைச் செருமிக்கொள்கிறது, பிறகு தெருமுனை வரைக்கும் கேட்கும்படி, ‘மாமா! மாமோவ்! தண்ணி!’

விசிலை எடுத்து இரண்டு ஊதல் ஊதிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு எழுகிறேன்.